பேரப்பிள்ளையின் முதல் வேலை: வீட்டுப் பெரியவர்கள் செய்யக்கூடியவை

பட்டமளிப்பு விழாப் படம் வரவேற்பறையில் மாட்டியாகிவிட்டது. உங்கள் பேரனோ பேத்தியோ கழுத்தில் அலுவலக அட்டையுடன் முதல் வேலைக்குச் செல்லத் தொடங்கியிருக்கிறார். உங்களுக்குப் பெருமையாக இருக்கும். ஆனால், சில வாரங்களிலேயே அவர் முகம் வாடியிருப்பதை நீங்கள் காணக்கூடும். பெற்றோரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், இந்த மாற்றத்தை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான்.

முதல் மாதங்கள் ஏன் கடினமானவை?

பல்கலைக்கழகத்தில் தேர்வு முடிந்தால் மதிப்பெண் தெரிந்துவிடும். அலுவலகத்தில், நாம் செய்வது சரியா தவறா என்பதே பல நாள்களுக்குத் தெரியாமல் இருக்கும். பல நிறுவனங்களில் முதல் 3 முதல் 6 மாதங்கள் தகுதிகாண் காலம். அது முடியும்வரை வேலை நிலைக்குமா என்ற கவலையும் இருக்கும். வீடு திரும்பிய பிறகும் வேலை தொடர்பான செய்திகள் கைபேசியில் வந்துகொண்டிருக்கலாம்.

உங்கள் காலத்தில் வேலைக் களைப்பு உடம்பில் தெரிந்தது. இவர்களின் களைப்பு வெளியே தெரிவதில்லை. “ஏசியில் உட்கார்ந்துதானே வேலை, இதற்கென்ன களைப்பு?” என்று கேட்டால், அடுத்த முறை அவர் உங்களிடம் எதையும் சொல்லமாட்டார்.

எப்படிப் பேசலாம்?

• “சம்பளம் எவ்வளவு? எப்போது உயர்த்துவார்கள்?” என்பதற்குப் பதிலாக: “இன்று மதியம் யாரோடு சாப்பிட்டாய், கண்ணு?”
• “பக்கத்து வீட்டுப் பையனைப் பார்” என்பதற்குப் பதிலாக: “புது இடம் பழக நாளாகும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.”
• “பொறுத்துப் போ” என்பதற்குப் பதிலாக: “என்ன நடந்தது, சொல். நான் கேட்கிறேன்.”

வீட்டுக்குள் நுழைந்தவுடன் கேள்வி கேட்க வேண்டாம். குளித்து, சாப்பிட்டு முடிக்கட்டும். நீங்கள் முதல் வேலையில் செய்த ஒரு தவற்றை அவரிடம் சொல்லுங்கள். அறிவுரையைவிட அது அதிகம் உதவும்.

உறக்கமும் உணவும்

பெரியவர்களைப் போலவே இளையர்களுக்கும் போதிய உறக்கம் தேவை. இந்த வயதில் ஓர் இரவுக்கு 7 முதல் 9 மணி நேரம் உறங்குவது நல்லது. களைப்பாக வருகிறாரே என்று இரவில் கோப்பி கலக்கிக் கொடுக்காதீர்கள். கோப்பியிலுள்ள காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறக்குறைய 5 மணி நேரமாகும். வெதுவெதுப்பான நீர் அல்லது சீனி சேர்க்காத பால் கொடுக்கலாம்.

தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சிவப்பரிசிச் சோறு போன்ற முழுதானியம், கால் பங்கு மீன், கோழி, பருப்பு அல்லது தௌஃபு இருக்கட்டும். காலையில் சாப்பிட நேரமில்லை என்றால், இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ பையில் வைத்துக் கொடுங்கள்.

அவருக்காகப் பசியோடு காத்திருக்காதீர்கள்

பேரப்பிள்ளை வந்த பிறகே சாப்பிடுவேன் என்று இரவு 9, 10 மணிவரை காத்திருக்கும் பெரியவர்கள் பலர். அன்பினால் செய்வதுதான். ஆனால் நீங்கள் நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், உணவைத் தள்ளிப்போடுவது ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். உங்கள் வழக்கமான நேரத்தில் சாப்பிடுங்கள். அவர் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். அதுவே போதும்.

உடம்பு சரியில்லை என்றால்

“புது வேலை, விடுப்பு எடுக்காதே, மாத்திரை போட்டுக்கொண்டு போ” என்று சொல்லத் தோன்றும். காய்ச்சலோடு சென்றால் அவரும் தேறமாட்டார், மற்றவர்களுக்கும் தொற்றக்கூடும். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வரும் ஊழியருக்கு, 3 மாதம் வேலை பார்த்த பிறகு சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. 3 மாதம் முடிந்ததும் வெளிநோயாளி விடுப்பு 5 நாள். அது படிப்படியாகக் கூடி, 6 மாதத்திற்குப் பிறகு ஆண்டுக்கு 14 நாளாகும். மருத்துவச் சான்றிதழ் பெறுவதோடு, 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். வேலைக்குச் சேர்ந்து 3 மாதம் ஆகாவிட்டாலும், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

எப்போது உதவி நாட வேண்டும்?

புது வேலையில் சிறிது பதற்றம் இயல்பு. பின்வருபவை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் கவனம் தேவை:

• இரவில் உறக்கமின்மை அல்லது விடுமுறை முழுவதும் உறங்கிக்கொண்டே இருப்பது
• உணவில் நாட்டமின்மை
• நண்பர்களையும் பிடித்த பொழுதுபோக்கையும் ஒதுக்குவது
• காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அழுகை, வயிற்றுவலி அல்லது மூச்சுத் திணறல்
• “நான் எதற்கும் லாயக்கில்லை” என்று அடிக்கடி சொல்வது

குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடச் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி எண் 1771ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. “வாழவே பிடிக்கவில்லை” என்று சொன்னால், “அப்படியெல்லாம் பேசாதே” என்று வாயை அடைக்காதீர்கள். அமைதியாகக் கேளுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், 1767ஐ அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. ஒரு நாளாவது கைபேசிகளை ஓரமாக வைத்துவிட்டு, குடும்பமாகச் சேர்ந்து உண்ணுங்கள்.
2. வார இறுதியில் அவரையும் அழைத்துக்கொண்டு வீட்டருகே 30 நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். இருவருக்கும் நல்லது.
3. 1771, 1767, 995 ஆகிய எண்களை எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.

அவருடைய அலுவலகப் பிரச்சினையை நீங்கள் தீர்க்க வேண்டியதில்லை. வீட்டில் தன் பேச்சைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.