அடிபட்ட மூளையும் அலைபாயும் கவனமும்

பாகான் செராயில் எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் பெரியம்மா மகன், மூன்று ஆண்டுகளுக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கித் தலையில் அடிபட்டார். காயம் ஆறியது; கைகால்களும் நன்றாக இயங்கின. ஆனால், செம்பனைத் தோட்ட வேலைக்குத் திரும்பிய அண்ணன், தொடங்கியதைப் பாதியில் விட்டுவிடுவார். கேட்டதற்குப் பதில் சொல்ல நெடுநேரம் எடுப்பார். “சோம்பேறியாயிட்டான்” என்றார் பெரியப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன். மருந்தியல் படிக்க வந்த பிறகுதான் என் தவறு புரிந்தது.

நம் மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றுக்குச் செய்தி அனுப்ப உதவும் வேதிப்பொருள்களில் ஒன்று டோப்பமைன். கவனத்தை ஒரு வேலையில் நிறுத்த முன்மூளைக்கு இது தேவை. தலை வேகமாக மோதும்போது, மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குகிறது. நீண்ட நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமடைகின்றன. டோப்பமைன் செல்லும் பாதைகளும் இதற்கு விலக்கல்ல.

டோப்பமைன் ஆய்வில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. உடலில் டோப்பமைனாக மாறும் லெவோடோப்பாவை, 1937-இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி ஆகிய இருவர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்தனர். இன்று அது பார்க்கின்சன் நோய்க்கு முக்கிய மருந்து.

கவனக் குறைவுக்கு அதிகம் ஆராயப்பட்ட மருந்து வேறு. அது 1944-இல் உருவாக்கப்பட்ட மெத்தில்ஃபெனிடேட். வெளியான டோப்பமைனை நரம்பணு மீண்டும் உறிஞ்சிக்கொள்வதை இது தடுக்கிறது. அதனால் டோப்பமைன் கூடுதல் நேரம் செயல்படுகிறது. மூளைக் காயமடைந்த 34 பேரிடம் அமெரிக்காவில் ஜான் வைட் குழுவினர் நடத்தி, 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இம்மருந்தால் சிந்தனையின் வேகம் கூடியது. உடனிருந்து கவனித்துக்கொண்டவர்களும் முன்னேற்றத்தை உணர்ந்தனர். ஆனால், சிறு சத்தத்துக்கும் கவனம் சிதறும் தன்மை குறையவில்லை. ஆக, மருந்து ஓர் ஊன்றுகோல்தான். முழுக் குணம் அன்று. இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் கூடலாம். பசியும் தூக்கமும் குறையலாம். எனவே, மருத்துவர் ஆலோசனையின்றித் தொடவே கூடாது.

சென்ற விடுமுறையில் இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுவாரம் அண்ணனை மருத்துவரிடம் அவரே அழைத்துச் சென்றார். மருந்து தேவையா என்று இன்னும் முடிவாகவில்லை. இப்போதைக்கு, வானொலியை அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே வேலையைக் கொடுக்கிறார்கள்.

நண்பர்களே, விபத்தில் பிழைத்தவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவரைச் சோம்பேறி என்று சொல்லும் முன், ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.