'வாட்டர் ரெசிஸ்டன்ட்' போனா? ஆற்றில் இறங்கும் முன் இதைப் படிங்க!

தச்சநல்லூர்க்காரர்களுக்குத் தண்ணீர் தூரத்தில் இல்லை. பக்கத்திலேயே தாமிரபரணி. சாரல் விழுந்தால் குற்றாலம். குடும்பத்தோடு கிளம்பினால் திருச்செந்தூர் கடல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையின் பல தெருக்களுக்கு வெள்ளமே தேடி வந்தது. அதனால், 'தண்ணீர் பட்டாலும் ஒண்ணும் ஆகாது' என்று சொல்லும் போனுக்குக் கூடுதல் விலை கொடுக்கிறோம். ஆனால் தண்ணீர் புகுந்த போனுடன் சர்வீஸ் சென்டருக்குப் போனால், "லிக்விட் டேமேஜ், வாரண்டி கிடையாது" என்கிறார்கள். ஏன் இப்படி?

ஐபி எண் சொல்வது என்ன?

பெட்டியில் ஐபி67, ஐபி68 என்று இருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடினமான சோதனை. ஆழத்தையும் நேரத்தையும் நிறுவனமே குறிப்பிடும். எனவே ஐபி68 போட்ட இரண்டு போன்களின் திறன் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. சோதனை நடப்பது புதுப் போனில், அசையாத நல்ல தண்ணீரில்.

நம்ம ஊர்த் தண்ணீர் வேறு

• அருவி: வேகமாக அடிக்கும் நீருக்குச் சோதனையே தனி. 7, 8 எண்கள் அதற்கு உத்தரவாதம் ஆகாது.
• கடல்: உப்பு, சார்ஜிங் போர்ட்டை அரிக்கும்.
• ஆற்றுக் குளியல்: சோப்பு, ஷாம்பு கலந்த நீர் சோதனையில் சேராது.
• பழைய போன்: கீழே விழுந்தாலோ, டிஸ்ப்ளே மாற்றினாலோ உள்ளே இருக்கும் சீல் தளரலாம்.

விளம்பரம் மிஞ்சினால்?

நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்பதுபோல விளம்பரம் செய்ததற்காக, சாம்சங் ஆஸ்திரேலியா நிறுவனத்துக்கு அந்நாட்டு நீதிமன்றம் 2022 ஜூனில் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஈரத்தோடு சார்ஜ் போட்டால் போர்ட் அரிக்கலாம் என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

நமக்கும் சட்டம் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2022 விளம்பர வழிகாட்டு நெறிமுறைகளின்படி, விளம்பரம் எந்த மொழியிலோ நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வாங்கும் முன் வாரண்டி நிபந்தனைகளில் 'லிக்விட்' என்று வரும் இடத்தைப் படியுங்கள்.
2. பில்லோடு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்திருங்கள். பின்னாளில் அதுதான் சாட்சி.
3. நனைந்தால் உடனே ஆஃப் செய்து துடையுங்கள். காயும் வரை சார்ஜ் போடாதீர்கள். அரிசியில் புதைக்காதீர்கள், தூளும் மாவும் உள்ளே போகும்.
4. வாரண்டி மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.
5. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.
6. தீரவில்லையா? 2 ஆண்டுகளுக்குள் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். 'கடலில் பயன்படுத்தாதீர்' என்று தெளிவாக எழுதியிருந்தும் இறக்கினால், வழக்கு நிற்பது கஷ்டம். விளம்பரம் காட்டியது ஒன்று, வாரண்டி சொல்வது வேறு என்றால், தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.