சேறு காய்வதற்குள்…

எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் மாதிரி வண்டியில் மலைப்பாதை, ஆற்று மணல் என்று சுற்றிவிட்டு வந்தால், சேறு காய்வதற்குள் கழுவிவிடுங்கள். பிரஷர் கன்னைச் சக்கர அச்சு, ஃபோர்க் சீல் பக்கம் நேராகப் பிடிக்காதீர்கள். தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்துவிடும்.

முக்கியம் ஸ்போக்ஸ். சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு கம்பியையும் சின்ன ஸ்பானரால் தட்டுங்கள். ‘டிங்’ என்றால் சரி, ‘டொக்’ என்றால் லூஸ். நிப்பிளை ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டாம். நான் ஆர்வக்கோளாறில் இறுக்கித் தள்ளி, ரிம் கோணி, கடைசியில் கோட்டம் எடுக்கக் கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். நாலைந்து கம்பி சேர்ந்தாற்போல் லூஸாக இருந்தால் நீங்களும் கடைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகையா, சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவி மாட்டலாம். பேப்பர் வகையில் தண்ணீரே படக்கூடாது. அழுக்கேறினால் மாற்றுவதுதான் வழி.

செயினைப் பெட்ரோலில் கழுவினால் ஓ-ரிங் கெடும். செயின் கிளீனரால் துடைத்து, காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயில் விடுங்கள். தொய்வு எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

ஓடை இறங்கி வந்த வண்டியா? இன்ஜின் ஆயில் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஆயில் மாற்றும்வரை ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள்.

மணலுக்காக டயரில் காற்றைக் குறைத்திருந்தால், தார் ரோடு ஏறுமுன் பழையபடி அடித்துவிடுங்கள்.