நூலகம் என்னும் சொல்

ஓர் இனம் நூலை எவ்வாறு மதித்தது என்பதை, நூல்கள் வாழும் இடத்திற்கு அது இட்ட பெயரே காட்டும்.

இலத்தீன் மொழியில் 'லீபெர்' என்பது மரத்தின் உட்பட்டை. எழுதப் பயன்பட்ட அப்பட்டை நூலுக்குப் பெயராயிற்று. 'லைப்ரரி' என்னும் ஆங்கிலச் சொல் அதன்வழி வந்தது. கிரேக்கர் 'பிப்ளியோதேக்கே' என்றனர். 'பிப்ளியோன்' நூல், 'தேக்கே' வைக்கும் பெட்டி. பிரெஞ்சு, செருமன் மொழிகள் இச்சொல்லையே ஏற்றன. பிரெஞ்சில் 'லிப்ரேரி' என்றால் புத்தகக் கடை! அரபியரின் 'மக்தபா' எழுதுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது.

நம் தமிழில் நூல் என்பது பஞ்சின் இழையையும் குறிக்கும். சைனராகிய பவணந்தி முனிவர் தம் நன்னூலில் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்து இப்பெயரை விளக்குகிறார். வடமொழிக் 'கிரந்த'மும் கட்டுதல், தொடுத்தல் என்னும் பொருளடியாகவே வந்தது. ஏட்டில் துளையிட்டுக் கயிறு கோத்த சுவடியைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இருந்தது. அங்கு 1945-இல் பி.என். பணிக்கர் நிறுவிய சங்கம் 'கிரந்தசாலை' என்னும் பெயரைத் தாங்கியது. மலையாளத்தில் 'வாயனசாலை' என்பதும் உண்டு. வாசிக்கும் இடம் என்பது பொருள். பெட்டியையோ பட்டையையோ கூறாமல், படிப்பவரின் செயலையே கூறும் பெயர் இது.

சைனர் தம் சுவடி நிலையங்களைச் சுருத பண்டாரம், ஞான பண்டாரம் என்றனர். சுருதம் என்றால் கேட்கப்பட்டது, பண்டாரம் கருவூலம். மூடுபிதிரியில் ஷட்கண்டாகமச் சுவடிகள் நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டமை இதற்குச் சான்று. இம்மாவட்டத்துச் சிதறால் மலைக் கல்வெட்டொன்று, அரட்டநேமி பட்டாரகரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகளைக் குறிக்கிறது. ஆசிரியர் வாய்க் கேட்டுக் கற்ற மரபில் பெண்டிரும் இருந்தனர் என்பதற்கு அக்கல்லே சாட்சி.

பொன் பண்டாரத்தில் பூட்டிக் கிடந்தாலும் பொன்னே. சுவடியோ எவரும் பிரிக்காவிடில் செல்லுக்கு இரையாகும். வாசிப்பார் இன்றேல் பண்டாரம் வெறும் பெட்டியாய்விடும். நம் இல்லங்களில் பரண்மேல் உறங்கும் ஏடுகளைத் தூசு தட்டி, அறிந்தோரிடம் காட்டிப் படி எடுப்போம். பிள்ளைகளை அருகமர்த்தி ஒரு பக்கமேனும் உரக்கப் படிப்போம். நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தை முன்னோர் வைத்ததன் கருத்தும் இதுவே.

கேட்கப்பட்டது மீண்டும் கேட்கப்படுமாயின், சுருதம் என்னும் பெயர் பொருளுடையதாகும்.