வலி வரும்வரை காத்திருக்கலாமா?



"வலிச்சா பார்த்துக்கலாம்." பாகான் செராய்ப் பக்கம் நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வது இதுதான். அதற்குக் காரணமும் உண்டு. தோட்டத்தில் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் கிடையாது. நடக்க முடிகிறவரை வேலைக்குப் போய்ப் பழகியவர்கள் அவர்கள்.

ஆனால் இனிப்பு நீர் வியாதியில் இந்தக் கணக்கு தப்பு. இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது வலிக்காது. பல வருஷம் கவனிக்காமல் விட்டால் கால் நரம்பையே கெடுத்துவிடும். வலியைச் சொல்ல வேண்டிய சென்சரே பழுதானால், பாதத்தில் புண் வந்தாலும் எப்படித் தெரியும்?

2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம்.

இந்த வாரப் பயிற்சி: அதிக தாகம், இரவில் அடிக்கடி சிறுநீர், ஆறாத புண், மரத்துப்போன பாதம். இவற்றில் ஏதாவது இருக்கா என்று வீட்டில் கேளுங்கள். இருந்தால், "போய்ப் பாருங்க"ன்னு சொல்லி விட்டுவிடாமல், நாள் குறித்து நீங்களே கூட்டிப்போங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான்.