என் கோப்பை நான் தானம் தரக் கூடாதா?

கேள்வி: லினக்ஸில் என் கோப்பை நண்பன் பெயருக்கு மாற்ற ‘சிஎச்ஓன்’ கட்டளை கொடுத்தால் அனுமதி இல்லை என்கிறது. வேறு யுனிக்ஸில் இது முடிந்தது என்கிறார் எங்கள் சார். என் பொருளை நான் தானம் தரக் கூடாதா? – கல்லூரி மாணவர், சுத்துக்கேணி

பதில்: சார் சொன்னது சரி. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸில் சொந்தக்காரர் தன் கோப்பை யார் பெயருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். வாங்குகிறவரின் சம்மதம்கூடத் தேவையில்லை. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பிஎஸ்டி யுனிக்ஸ்தான் ‘நிர்வாகியான ரூட் தவிர யாரும் கைவைக்காதே’ என்று கதவைச் சாத்தியது. காரணம், உங்களைப் போன்ற மாணவர்கள்!

டிஸ்கில் ஆளுக்கு இவ்வளவுதான் இடம் என்று கோட்டா வைத்திருந்தார்கள். தானத்தை அனுமதித்தால் கூத்தைப் பாருங்கள். உங்கள் டைரக்டரியில் ஒரு பெரிய கோப்பு. அதற்கு 666 போட்டு, எல்லோரும் படிக்கலாம், எழுதலாம் என்று திறந்துவிடுகிறீர்கள். அடுத்து அதை நண்பன் பெயருக்கு மாற்றுகிறீர்கள். கடைசியாக டைரக்டரிக்கு 700 போட்டுப் பூட்டுகிறீர்கள். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, நீங்களே படிக்கிறீர்கள், நீங்களே திருத்துகிறீர்கள். கோட்டா மட்டும் நண்பன் கணக்கில் கழிகிறது. அந்த அப்பாவியால் அதை அழிக்கவும் முடியாது. யுனிக்ஸில் கோப்பை அழிக்கும் அதிகாரம் டைரக்டரியில் எழுத அனுமதி உள்ளவருக்கே தவிர, கோப்பின் சொந்தக்காரருக்கு அல்ல. சுத்தமான பினாமி!

1988-இல் வந்த போசிக்ஸ் தரநிர்ணயம் இரண்டு கட்சியையும் பகைத்துக்கொள்ளாமல், ‘அவரவர் விருப்பம்’ என்று நழுவிவிட்டது. சோலாரிஸ் என்ற யுனிக்ஸில் நிர்வாகி ஓர் அமைப்பை மாற்றினால் தானம் நடக்கும். லினக்ஸ் பெர்க்லி கட்சி.

சொந்தக்காரர், குழு, மற்றவர் என்ற மூன்று வகுப்பும் யுனிக்ஸ் பிறந்த அன்றே இருந்தது என்று சிலர் நடத்துகிறார்கள். நம்பாதீர்கள். 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டில் சொந்தக்காரரும் மற்றவரும் மட்டும்தான். குழு பின்னால் வந்து நடுவில் உட்கார்ந்தது.

‘சிஎச்மோட்’ அனுமதியை மாற்றும், ‘சிஎச்ஓன்’ உரிமையை மாற்றும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.  பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி இந்தியாவிடம் வந்ததும் இப்படி இரண்டு படியில்தான். 1954 அக்டோபர் 18 அன்று அங்குள்ள கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. அது சிஎச்மோட். சட்டப்படி உரிமை மாறியது 1962 ஆகஸ்ட் 16-இல். அதுதான் சிஎச்ஓன். ரூட் பாரிஸில் இருந்ததால் கட்டளை நிறைவேற ஏழே முக்கால் வருஷம் ஆனது. உங்களுக்கு ஒரு நொடியில் மறுத்துவிட்டதே என்று சந்தோஷப்படுங்கள்.

கேள்வி: வீட்டு லினக்ஸ் ஹார்டு டிஸ்கைக் கழற்றி ஆபீஸில் மாட்டினால், என் கோப்புகளெல்லாம் முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் நிற்கின்றன. திருட்டா? – பாகூர் வாசகர்

பதில்: புகார் எழுதிவிடாதீர்கள். கோப்பில் உங்கள் பெயரே கிடையாது. ஓர் எண் மட்டும் இருக்கிறது. அந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்பதை அந்தந்தக் கம்ப்யூட்டர்தான் தன் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறது. உபுண்டுவில் முதலில் சேர்பவருக்கு 1000, பழைய ரெட்ஹேட்டில் 500, மேக்கில் 501. வீட்டில் நீங்கள் 1000, ஆபீஸில் வேறொருவர் 1000. அவ்வளவுதான் விஷயம். ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் இந்த வம்பே இல்லை. அதில் சொந்தக்காரர் என்ற விவரத்தை எழுதிவைக்க இடமே கிடையாது. மாட்டும்போது யாரைச் சொல்கிறோமோ அவரே அத்தனைக்கும் முதலாளி.

கேள்வி: சுத்துக்கேணி என்றதும் கேட்கத் தோன்றியது. அங்கே பூமிக்கடியில் கிடைத்த தங்க நகைகள் இப்போது யாரிடம்? – வில்லியனூர் வாசகி

பதில்: கம்ப்யூட்டர் கேள்விக்கு நடுவில் தங்கம்! பிழைக்கத் தெரிந்தவர் நீங்கள். பிரெஞ்சு ஆட்சியின் கடைசிக் காலத்தில் தொல்லியலாளர் ழான்-மரி கசால் சுத்துக்கேணியில் பெருங்கற்கால ஈமக்காட்டைத் தோண்டினார். வீராம்பட்டினம், முத்திரப்பாளையத்தோடு சேர்த்து அந்த அறிக்கை 1956-இல் பிரெஞ்சில் வெளிவந்தது. ஈமக்குழியில் கிடைத்த தங்க அணிகள் பாரிஸின் கீமே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டிக்கெட் எடுத்தால் யாரும் பார்க்கலாம். படிக்க மட்டும் அனுமதி. எழுத, அழிக்க, எடுத்துவர இல்லை. 1962-இல் ஊர் மாறியது; அந்த டைரக்டரியை யாரும் தொடவில்லை.