பத்திரம் கைக்கு வராத வீடு



பிறர் சிநேகம் என்றவுடனே அரிசியும் துணியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு குடும்பம் முதன்முதலாய்ச் சொந்த வீடு வாங்கத் துணை நிற்பதும் பிறர் சிநேகமா என்று கேட்பீர்களாகில், அமெரிக்காவில் சிக்காகோ நகரத்துப் பங்கொன்றில் நடந்ததைக் கேளுங்கள்.

1934-ல் அந்நாட்டு அரசாங்கம் வீட்டுக் கடன்களுக்குப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. கறுப்பின மக்கள் குடியிருந்த பகுதிகளுக்கோ அந்தச் சலுகை மறுக்கப்பட்டது. வங்கிகளும் கதவைச் சாத்தின. மாதந்தவறாமல் சம்பளம் வாங்கினவர்களுக்கும் கடன் இல்லை. இந்தச் சமயம் பார்த்து வியாபாரிகள் புகுந்து, தவணைக்கு வீடு விற்றார்கள். கடைசிக் காசு தீரும்வரை பத்திரம் விற்றவன் பேரிலேயே இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், அதுவரை கட்டின பணமும் போகும். பழுது பார்க்கும் செலவு மட்டும் வாங்கினவன் தலையில்! கிளைட் ராஸ் என்பவர் 1961-ல் 27,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். விற்றவர் அதை ஆறு மாதத்துக்கு முன் வாங்கியதோ 12,000 டாலருக்கு.

லான்டேல் பகுதியில் பிரசன்டேஷன் கோவிலின் பங்குக்குரு மொன்சிஞ்ஞோர் ஜான் ஈகன். அங்கே சேசு சபைக் குருமாணவர் ஜாக் மக்நமாரா, மாணவர் சிலரோடு வீடு வீடாய்ச் சென்றார். பணம் கொடுக்கவில்லை, கொடுக்க அவரிடம் பணமுமில்லை. பத்திரப் பதிவேடுகளைப் புரட்டி, விற்றவன் என்ன விலைக்கு வாங்கினான் என்று கண்டு சொன்னார்கள். ஏமாந்த வெட்கத்தால் அண்டை வீட்டாரிடமும் வாய் திறவாதிருந்தவர்கள், 1968 முதல் புதன்கிழமை இரவுகளில் கோவிலில் கூடி, எழுந்து நின்று தங்கள் விலையைச் சொன்னார்கள். பிறகு தவணை கட்ட மறுத்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவில் எறியப்பட்டபோது, அயலார் அவற்றைத் தூக்கி மறுபடி உள்ளே வைத்தார்கள்.

ஒன்றை மறைத்தல் ஆகாது. 1966-ல் அதே நகரில், கறுப்பினத்தார் விரும்பிய இடத்தில் வீடு பெறவேண்டுமென்று ஊர்வலம் போன மார்ட்டின் லூதர் கிங் மீது கல் விழுந்தது. அன்று எதிர்த்து நின்ற கூட்டத்தில் நம் கத்தோலிக்கரும் இருந்தனர்.

நீதிமன்ற வழக்குகள் தோற்றன. ஆனாலும் பல நூறு குடும்பங்களின் ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டு விலை குறைந்தது. வீடு விற்பதில் இன பேதம் கூடாதென்ற சட்டம் 1968 ஏப்ரலில் வந்தது. இன்றும் அங்கே வெள்ளையர் குடும்பங்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சொந்த வீட்டில் வாழ, கறுப்பினத்தாரில் பாதிப்பேருக்கும் அது இல்லை.

நம் பங்கிலும் தவணைக்கு மனை வாங்கியவர்கள் உண்டு. பத்திரம் யார் பேரில் இருக்கிறதென்று அறியாதவர்கள், வெட்கப்படாமல், ரசீதுகளை எடுத்துக்கொண்டு புதன் மாலை செபமாலைக்குப் பின் அறைவீட்டுக்கு வாருங்கள். வில்லங்கச் சான்றுக்கு மனு எழுதுவோம்.